பதில் சொல்லாத கருப்புத் திரை

எங்கள் வீட்டில் பதில் வராமல் இருப்பதைவிடக் கெட்ட செய்தி வேறு கிடையாது. என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். கடலுக்குள் இறங்கும்போது அவர் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனை வள்ளத்தில் என் தம்பியின் கையில் இருக்கும். எங்கள் கரையில் கயிறு பிடிக்கப் பெண்டாட்டியின் உடன்பிறந்தானைத்தான் வைப்பார்கள். பிடி தவறினால் தாலி போவது அவன் கூடப் பிறந்தவளுக்கு என்பதால் அவன் கண் அசர மாட்டான் என்று முன்னோர் போட்ட கணக்கு. தம்பி மேலேயிருந்து ஒரு இழுப்பு இழுப்பான். அவர் கீழேயிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் நலம் என்று பொருள். இரண்டு இழுத்தால், தூக்கு என்று பொருள். பதிலே வராவிட்டால் யோசிக்கக் கூடாது, அந்த நொடியே தூக்கிவிட வேண்டும். கல்யாணமாகி இந்த இருபத்திரண்டு வருடத்தில் பதில் வராத நாள் ஒரே ஒரு முறை வந்தது. அன்றைக்குக் கயிறு பாறையில் சிக்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லும்போது இன்றைக்கும் தம்பிக்குக் குரல் மாறிவிடும்.

அப்படிப்பட்ட வீட்டில் வாழ்க்கைப்பட்டவளிடம் வந்து, பதில் வரவில்லை என்றால் எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று பொருள் என ஒரு இயந்திரம் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதை எழுதும்போதும் அந்த எரிச்சல் முழுதாக ஆறவில்லை.

நான் சங்கு குளிக்கிறவர்களின் சங்கத்தில் எழுத்தர். சங்கம் என்றால் பெரிய கட்டடம் எல்லாம் இல்லை. வலைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு அலமாரி, உப்புக்காற்றில் துருவேறிய ஒரு ஜன்னல். நாற்பத்து மூன்று பேர் எங்கள் உறுப்பினர்கள். ஒவ்வொரு வருடமும் சங்கு குளிக்கும் பருவம் தொடங்கும் முன்னால் அத்தனை பேருக்கும் கடலில் இறங்க அனுமதி வாங்க வேண்டும். அதற்கு ஆள் ஒன்றுக்கு நான்கு காகிதம். படம், அடையாள அட்டை, விண்ணப்பம், காதும் நுரையீரலும் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் எழுதிய சான்று. அந்த மருத்துவர் வருடத்துக்கு ஒரு முறைதான் முகாமுக்கு வருவார். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் போட்டு, பட்டியல் எடுத்து, கெடு தேதிக்குள் மீன்வளத்துறை அதிகாரியிடம் கொடுப்பது என் வேலை.

அந்தக் கணினியை வாங்கியபோது சங்கத்தின் செயலாளர் ஒரு ஆளைக் கூட்டி வந்தார். செயலாளர் இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். கூட்டி வந்த ஆளுக்கு முப்பது வயது இருக்கும். டவுனில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். அவன்தான் அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். "காசே வேண்டாம் அண்ணாச்சி, ஃப்ரீ. உலகத்துல யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம், தொறந்து பாக்கலாம், மாத்திக்கிடலாம்" என்று விளக்கினான். நான் நல்ல விஷயம்தானே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், நிர்வாகிக்கான கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னான்.

"அத அக்காகிட்ட குடுக்கக் கூடாது அண்ணாச்சி. தெரியாம எதையாவது தட்டிட்டாங்கன்னா எல்லாம் போயிரும்."

அண்ணாச்சி தலையாட்டினார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்ற பொருளுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு பூட்டு, அதன் சாவி டவுன் கடையில். தினமும் எட்டு மணி நேரம் அதன் முன்னால் உட்காருகிறவள் நான். எனக்குக் கொடுத்தது மவுஸை எங்கே அழுத்த வேண்டும் என்று எழுதிய அரைப் பக்கக் காகிதம்.

பெருமழையில் ஊரே மிதந்ததே, அந்த வருடம் அலுவலகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. பதிவேடுகள், அட்டைகள், மருத்துவச் சான்றுகள் எல்லாம் அலமாரியோடு ஊறிக் கூழாகிப் போயின. மிஞ்சியது கணினி மட்டும்தான். அது எப்படி மிஞ்சியது என்றால், தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது நான் அதன் ஒயர்களைப் பிடுங்கி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தலையில் தூக்கிப்போய்ப் பக்கத்து மாடியில் வைத்தேன். அதற்குப் பிறகு காகிதம் என்று நாங்கள் எதையும் நம்பவில்லை. சான்றுகளை ஸ்கேன் செய்ததும் மூலத்தை அவரவர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். அவரவர் வீட்டில் அது எத்தனை நாள் இருக்கும் என்று எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் சான்றில் அவர் பேத்தி மீன் படம் வரைந்திருந்ததை நானே பார்த்தேன்.

இந்த வருடம், வெள்ளிக்கிழமை கெடு. திங்கட்கிழமை காலையில் கணினியைப் போட்டேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன், திரை ஒரு கணம் கறுத்தது, மறுபடியும் கடவுச்சொல் கேட்டது. பத்து முறை கொடுத்தேன். பத்து முறையும் வாசல்வரை கூப்பிட்டு முகத்தில் கதவைச் சாத்தியது. கடைக்காரனுக்குப் போன் செய்தேன். நான்கு முறை எடுக்கவில்லை. ஐந்தாவது முறை எடுத்தான்.

"டிஸ்க் போயிட்டுக்கா. ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும். சனிக்கெழம வாரேன்."

"உள்ள இருக்க ஃபைலெல்லாம்?"

"அதெல்லாம் போயிரும். டிஸ்க்கே போனதுக்கப்புறம் டேட்டா எங்கன இருக்கும்?"

வந்து பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. டவுனில் உட்கார்ந்துகொண்டு நாற்பத்து மூன்று பேருடைய பருவத்துக்கு முடிவு எழுதிவிட்டான். அனுமதி இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள், திருட்டுத்தனமாக இறங்குவார்கள். அப்படி இறங்கி ஒன்று ஆகிவிட்டால் ஏன் என்று கேட்க நாதி இருக்காது. அந்த நாற்பத்து மூன்றில் முப்பத்தொன்றாம் எண் என் வீட்டுக்காரர். அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"அவனே சொல்லிட்டான்லா தாயி. நீ அதுல கைய வைக்காத. அதிகாரிகிட்ட கொஞ்சம் டயம் கேட்டுப் பாப்போம்" என்றார் அவர். அந்த அதிகாரி கெடு தேதியைத் தள்ளி வைத்ததாக எங்கள் கரையில் சரித்திரமே இல்லை.

கையை வைக்காதே என்று சொன்னதுதான் என்னைக் கை வைக்கச் செய்தது. அந்தக் கடைக்காரன் முன்பு ஒரு நாள் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கருப்புத் திரையை வரவழைத்ததைப் பின்னால் நின்று பார்த்திருந்தேன். கன்ட்ரோல், ஆல்ட், மேல் வரிசையில் மூன்றாம் விசை. அழுத்தினேன். படமும் இல்லை, மவுஸும் இல்லை. கருப்பில் வெள்ளையாக ஒரு வரி என் பெயரைக் கேட்டது. தட்டினேன், எழுத்து விழுந்தது. அடுத்த வரி கடவுச்சொல்லைக் கேட்டது. தட்டினேன், ஒரு எழுத்தும் விழவில்லை. ஒரு புள்ளிகூட விழவில்லை.

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு கீபோர்டை உப்புக்காற்று தின்றுவிடும். ஆகவே இதுவும் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன், துணியால் துடைத்தேன், கடைசியில் ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கெஞ்சி ஒரு கீபோர்டை இரவல் வாங்கி வந்து மாட்டினேன். அதிலும் விழவில்லை. கோபத்தில் கடவுச்சொல்லை அப்படியே குருட்டாம்போக்கில் தட்டி என்டரைக் குத்தினேன். உள்ளே விட்டுவிட்டது. முதல் கீபோர்டும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நாம் தட்டுவதை வாங்கிக்கொண்டே வாங்காதது போல இருப்பது அதன் வழக்கமாம். அரை நாள் போயிற்று எனக்கு.

உள்ளே போயாகிவிட்டது, அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. போனில் தேடியபோது யாரோ புண்ணியவான்கள் தமிழிலேயே எழுதி இலவசமாகப் போட்டிருந்த ஒரு கையேடு கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு நோட்டு ஒன்றில் எனக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டேன். pwd என்றால், நான் எங்கன நிக்கேன். ls என்றால், இங்கன என்னென்ன கெடக்கு. cd என்றால், அங்கன போ. அதோடு இரண்டு புள்ளி வைத்தால், ஒரு படி மேலே ஏறு. இவ்வளவுதான். இதைச் சொல்லிக் கொடுக்க அந்தக் கடைக்காரனுக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்குமா? ஒரு டீ குடிக்கிற நேரம். அதற்குப் பதிலாக, தட்டினால் போயிரும் என்று பூச்சாண்டி காட்டியே என்னை இத்தனை வருடம் உட்கார வைத்திருந்தான். நானும் உட்கார்ந்திருந்தேனே என்று என் மேலும் எனக்குக் கோபம்.

ls தட்டியதும் என் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. தமிழில் பெயர் வைத்தவை மட்டும் எழுத்து தெரியாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்தன, அது தனிக் கோபம். ஆனால் ஆட்களின் கோப்புகளுக்கு நான் எண்தான் வைத்திருந்தேன். ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. போய்விட்டது என்று அவன் சொன்ன டிஸ்க்கில் அத்தனையும் இருந்தன. கேட்கிறவன் கேனையாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு தப்பைச் செய்தேன். சான்றுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. எல்லாவற்றையும் ஏற்கெனவே இருந்த ஒரு கோப்புறைக்குள் சேர்த்துவிட்டால் எடுக்க எளிது என்று நினைத்தேன். இடம் மாற்றுவதற்கு mv என்று கையேட்டில் இருந்தது. முதலில் என் வீட்டுக்காரருடையதை வைத்தே பழகுவோம் என்று முப்பத்தொன்றாம் எண்ணை மாற்றச் சொல்லித் தட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. ஆயிற்று என்று இல்லை, ஆகவில்லை என்று இல்லை, அடுத்த கட்டளைக்காக மினுக்கிக்கொண்டு நின்றது.

பதில் வராவிட்டால் யோசிக்காமல் இழுத்துவிடு என்பதுதானே எனக்குத் தெரிந்த பாடம். அதே வரியை மறுபடி தட்டினேன். இப்போது பதில் வந்தது. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. மூன்றாம் முறை தட்டினேன், அதே பதில். ஒரு நிமிடத்துக்கு முன்னால் இருந்த என் புருஷனுடைய சான்றை என் கையாலேயே அழித்துவிட்டேன். தட்டினால் போயிரும் என்று அவன் சொன்னது பலித்துவிட்டது. மேசையில் தலையை வைத்து அழுதேன். அழுகையைவிட அதிகமாக ஆத்திரம். யார் மேல் என்று கேட்டால் அந்த நேரத்தில் எல்லோர் மேலும்தான்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் சாப்பாட்டு வாளியோடு வந்தார். அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம், அதனால் பேச்சும் குறைவு. என்ன என்று கேட்டார், சொன்னேன்.

"ஏளா, எடத்த மாத்தத்தான சொன்ன? மாத்துன எடத்துல போய்ப் பாத்தியா?"

பார்க்கவில்லை. போய்ப் பார்த்தேன். கோப்புறைக்குள் முப்பத்தொன்று பத்திரமாக உட்கார்ந்திருந்தது. முதல் முறை தட்டியபோதே சொன்னதைச் செய்துவிட்டது. பழைய இடத்தில் போய்த் தேடினால் எப்படி இருக்கும்? கையேட்டில் அடுத்த பக்கத்தில்தான் எழுதியிருந்தார்கள், வேலை சரியாக முடிந்தால் இது ஒன்றும் சொல்லாது என்று. இது இந்த உலகத்தின் நாகரிகமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

வீட்டுக்காரர் வாளியைத் திறந்துகொண்டே சொன்னார், "பதில் சொல்லாத ஆளு கூடல்லாம் எப்படி எறங்குத நீ? எனக்குன்னா பயமாயிருக்கும்."

அவர் கடலுக்கே பயப்படாத மனிதர். அவர் சொன்னதுதான் என்னை மறுபடி கையேட்டைப் புரட்ட வைத்தது. எங்காவது ஒரு வழி இருக்கத்தான் வேண்டும் என்று தேடினேன், இருந்தது. கட்டளைக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் v என்ற எழுத்தும் சேர்த்தால், செய்வதை எல்லாம் சொல்லிக்கொண்டே செய்யுமாம். அடுத்த சான்றை அப்படி மாற்றினேன். இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்கு மாற்றினேன் என்று ஒரு வரி வந்து விழுந்தது. கயிற்றின் மறுமுனையில் ஒரு இழுப்பு வந்த மாதிரி இருந்தது. அன்று முதல் இன்றுவரை அந்த v இல்லாமல் நான் எதையும் மாற்றியதில்லை. தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்களாம். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் வீட்டில் யாரும் கயிறு கட்டி இறங்குவதில்லை.

புதன்கிழமை புதிதாக ஒரு கோப்புறை உண்டாக்கப் பார்த்தேன். கேட்காமலேயே பதில் வந்தது. டிஸ்க்கில் இடம் இல்லை என்றது. பழுது என்று சொல்லவில்லை, இடம் இல்லை என்றுதான் சொன்னது. டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்பதற்கு df. கேட்டேன், நூற்றுக்கு நூறு என்றது. அதனால்தான் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பியிருக்கிறது. உள்ளே கால் வைக்கக்கூட இடம் இல்லாமல் இருந்திருக்கிறது.

எனக்குத் திகைப்பு. நாற்பத்து மூன்று பேரின் காகிதம் ஒரு டிஸ்க்கையே நிறைக்குமா? யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்க இன்னொரு கட்டளை இருந்தது, du. அதைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். வெகு நேரம் யோசித்துவிட்டு இரண்டு வரி போட்டது. என் பெயரில் ஆறு ஜி.பி. கடைக்காரன் பெயரில் நானூற்றுப் பத்து ஜி.பி.

அவன் கோப்புறைக்குள் போய் ls தட்டினேன். கல்யாண வீடியோ, நிச்சயதார்த்த வீடியோ, சடங்கு வீடியோ, புதுமனைப் புகுவிழா, ட்ரோன் வைத்து எடுத்தது, எடுத்ததை வெட்டியது, வெட்டியதில் மிஞ்சியது. திரை திரையாக ஓடியது. அவன் கடையோடு சேர்த்து வீடியோத் தொழிலும் செய்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. சுத்தம் செய்கிறேன், அப்டேட் போடுகிறேன் என்று மாதா மாதம் வந்து, டீயும் வடையும் வாங்கித் தின்றுவிட்டு, தன் கடையில் இடம் இல்லாததை எல்லாம் எங்கள் பெட்டியில் கொண்டுவந்து அடைத்திருக்கிறான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. தண்ணீருக்குள் நான் தலையில் சுமந்துகொண்டு ஓடினேனே, அந்தப் பாரத்தில் பாதி எவன் வீட்டுக் கல்யாணமோ.

அந்தக் கோப்புறையை அழித்துவிடலாம் என்று கை பரபரத்தது. சொல்லாமல் மறைப்பானேன், rm என்று தட்டியும் பார்த்தேன். அனுமதி மறுக்கப்பட்டது என்றது. எங்கள் சங்கத்தின் கணினியில், எங்கள் இடத்தில், வேறு ஒருவன் கொண்டுவந்து போட்ட சாமானைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கொட்டகையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு நினைத்துப் பார்த்தால் அந்த மறுப்பும் நல்லதற்குத்தான், ஏனென்றால் அதில் இருந்தது யாரோ ஒரு பெண்ணின் கல்யாணம். அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்?

ஆனால் என் பங்கு ஆறு ஜி.பி.யில் எனக்கு அதிகாரம் இருந்தது. கோணலாக ஸ்கேன் செய்து தூக்கிப்போட்டவை எல்லாம் கணினியின் குப்பைத் தொட்டியில் இன்னும் கிடந்தன. rm கொண்டு அழித்தால் திரும்பி வராது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்தது. எங்கே நிற்கிறேன் என்று மூன்று முறை pwd கேட்டேன். என்ன கிடக்கிறது என்று ls கேட்டேன். மாதாவை நினைத்துக்கொண்டு, v சேர்த்து, என்டரை அழுத்தினேன். நீக்கினேன், நீக்கினேன், நீக்கினேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. அத்தனை வரியையும் கண் இமைக்காமல் படித்தேன்.

கணினியை அணைத்து மறுபடி போட்டேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன், கதவு திறந்தது. வழக்கமான நீலத் திரை, வழக்கமான படங்கள். உடனே பென்டிரைவைச் செருகி நாற்பத்து மூன்று பேரையும் அதில் ஏற்றினேன். வியாழக்கிழமை முழுக்க அச்சடித்தேன். வெள்ளிக்கிழமை தம்பியும் நானும் பைக்கில் போய்ப் பட்டியலைக் கொடுத்து முத்திரை வாங்கி வந்தோம். அண்ணாச்சியிடம் முத்திரையைக் காட்டியபோது, "பரவாயில்லையே, டிஸ்க்கு தானா சரியாயிட்டு போல" என்றார். நான் சனிக்கிழமைக்காக வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை கடைக்காரன் வந்தான். வெறுங்கையோடு வரவில்லை. பையில் பெரிய டிஸ்க் ஒன்று கொண்டு வந்திருந்தான். அறையில் அண்ணாச்சி, என் வீட்டுக்காரர், தம்பி, கையெழுத்துப் போட வந்த இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். கணினி திறந்திருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"டேட்டா எதையும் காப்பாத்த முடியாதுன்னு சொன்னியே தம்பி, பெறகு இந்த டிஸ்க்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"சும்மா, ஒரு சேஃப்டிக்குக்கா."

"யாரு சேஃப்டிக்கு?"

அவன் பையை இழுத்து மூடினான். நான் கருப்புத் திரையை வரவழைத்து எல்லோர் முன்னாலும் du தட்டினேன். இரண்டு வரியும் வந்தன. பிறகு அவன் கோப்புறையை ஓடவிட்டேன். ஃபைல் பெயரில் ஒரு மாப்பிள்ளையின் பெயரைப் பார்த்துத் தம்பி, "ஏலே, இது நம்ம தெருக் கல்யாணம்லா" என்றான். நான் கை வைக்காமல் இருந்திருந்தால், கடைக்காரன் தன் வீடியோக்களை அந்த டிஸ்க்கில் பத்திரமாக எடுத்துக்கொண்டு, எங்கள் சான்றுகளை அழித்து, புதிதாகப் போட்டுக் கொடுத்து நல்ல பெயரும் வாங்கியிருப்பான். அதை நான் சொல்லி முடிக்கும்வரை அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி விடு தாயி, பய ஏதோ தெரியாம வச்சிட்டான்" என்றார் அண்ணாச்சி.

"தெரியாம நானூறு ஜி.பி. வருமா அண்ணாச்சி?"

"இப்ப என்ன செய்யணும்ங்குத நீ?" என்றார் அவர்.

"சாவி எனக்கு வேணும்."

"ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? வேணும்னா நான் வாங்கி வச்சிக்கிடுதேன்."

அவருக்குக் கணினியைப் போடவே தெரியாது. அந்த இடத்தில் நான் அமைதியாக இருந்திருந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். இத்தனை வருடமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒங்க வள்ளத்துல கயிறு பிடிக்க ஆளு வைக்கும்போது யார வைக்கிய? நல்லாப் பேசுதவனையா? டவுன்ல கட வச்சிருக்கவனையா? கீழ இருக்கவன் செத்தா எவன் குடும்பம் அழுமோ அவன வைக்கிய. இந்தப் பொட்டியில என் வீட்டுக்காரரு இருக்காரு. இவன் வீட்டு ஆளு யாரு இருக்கா?"

சுவரோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரர், காது கேட்காதவர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தவர், "அவகிட்ட குடுங்க" என்றார். கையெழுத்துப் போட வந்த நான்கு பேரும் அதையே சொன்னார்கள்.

என் கணக்குக்கு அதிகாரம் கொடுக்கும் வரியைக் கையேட்டில் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கடைக்காரனை உட்கார வைத்து அதைத் தட்டச் சொன்னேன். தட்டினான். திரையில் ஒன்றும் வரவில்லை. "ஆயிட்டு" என்று எழுந்தான்.

"நீ சொல்லாத. அது சொல்லட்டும்" என்று நான் உட்கார்ந்து, யார் யாருக்கு அதிகாரம் என்று கேட்கும் கட்டளையைத் தட்டினேன். என் பெயர் வந்தது. அதன் பிறகு அவனுடைய வீடியோக்களை அவன் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை என்று எண்ணிக் காட்டினேன். பிறகு அவன் கணக்கை நீக்கினேன். அதற்குக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், கணினியைச் சரிசெய்து உதவியவர் என்று அண்ணாச்சி அவன் பெயரைத்தான் வாசித்தார். அச்சடித்துவிட்டார்களாம், மாற்ற முடியாதாம்.

பருவம் தொடங்கிய முதல் நாள் காலையில் வள்ளங்கள் போன பிறகு அலுவலகத்தில் இருந்தேன். அண்ணாச்சி போன் செய்தார்.

"தாயி, அந்தக் கடைக்காரத் தம்பி கேக்கான். ஏதோ பிரின்டருக்கு மாத்தணுமாம். பாஸ்வேர்ட சொல்லு, நான் அவன்கிட்ட சொல்லிருதேன்."

"அவன் வீட்ல யாரு அண்ணாச்சி இன்னைக்குக் கடல்ல எறங்கியிருக்கா?" என்று கேட்டேன்.

போனை வைத்தேன். அன்றைக்கு இறங்கியவர்களின் பட்டியலைத் தட்டத் தொடங்கினேன். முப்பத்தொன்றாம் எண்ணைத் தட்டியபோது மணி பார்த்தேன். தம்பி முதல் இழுப்பு இழுத்திருக்கும் நேரம்.